எதை, யார், எங்கே போடுகிறார்?

கைபேசியில் ஒரு கடிதத்தை எழுத ஆரம்பித்து, பாதியில் மனசு மாறி வெளியே வரப் பார்த்தால் ஒரு சின்னப் பெட்டி எழும்பி நிற்கும். ஆங்கிலத்தில் அதில் ‘டிஸ்கார்ட்’ என்று இருக்கும். தமிழுக்கு மாற்றி வைத்திருக்கும் சில கைபேசிகளில் அதே இடத்தில் ‘நிராகரி’ என்று வரும். சேத்துப்பட்டு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், தெரிந்த நெசவாளர் வீட்டுப் பையன் இதைக் காட்டி, “நானே எழுதினதை நானே எப்படிண்ணா நிராகரிக்கிறது?” என்று கேட்டான். நியாயமான கேள்விதான். மனுவை நிராகரிக்கலாம், வேட்புமனுவை நிராகரிக்கலாம், தேடி வந்த சம்பந்தத்தை நிராகரிக்கலாம். எதிரில் நீட்டுகிறவர் ஒருவர் இருந்தால்தான் அந்தச் சொல்லுக்கு வேலை. நம் கடிதத்தை நாமே ‘அழித்துவிடுகிறோம்’ அல்லது ‘வேண்டாம் என்று விட்டுவிடுகிறோம்’.

டீ வரட்டும், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஆங்கிலச் சொல் பிறந்தது சீட்டாட்டத்தில். ‘கார்ட்’ என்பது சீட்டு. கையில் இருக்கும் வேண்டாத சீட்டைக் கீழே போடுவதுதான் ‘டிஸ்கார்ட்’. பிறகு அது ஆட்டத்தை விட்டு வெளியே வந்து, பழைய சட்டை, பழைய நண்பன், பழைய கொள்கை என்று எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டது. தமிழில் ரம்மி ஆடுகிறவர் ‘கீழே போடு’ என்பார், அதோடு சரி. சட்டையைக் கீழே போட்டால் அம்மா எடுத்து மடித்து வைப்பாள். நண்பனைக் கீழே போட முடியாது, கைவிடத்தான் முடியும். கொள்கையைக் கைவிடலாம், துறக்கலாம். சட்டையைத் தூக்கிப் போடலாம், கழித்துவிடலாம். எதைப் போடுகிறோம், யார் போடுகிறார், போட்டது எங்கே போகிறது என்று தெரியாமல் தமிழில் வினைச்சொல் வாயில் வராது.

மிஞ்சும் பொருளின் பெயரும் அப்படித்தான். டீ மாஸ்டர் வடிகட்டித் துணியை உதறிக் கொட்டுவது சக்கை. சாரம் இறங்கிய பிறகு மிஞ்சுவது. சேத்துப்பட்டு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகள் மலையாகக் குவியும். அங்கே பதர் என்றால் உள்ளே அரிசியே பிடிக்காத நெல். தூற்றும்போது காற்றோடு போவது. உமி அரைத்தபின் கழன்ற மேல்தோல். சூளைக்கும் அடுப்புக்கும் போகும். தவிடு மாட்டுக்கு. மூன்றும் நெல்லிலிருந்து பிரிந்தவைதான். ஆனால் பதரைக் குப்பை என்று சொல்கிற விவசாயி தவிட்டைச் சொல்லமாட்டார், அதற்கு விலை உண்டு.

இனி பட்டு. ஆரணியைச் சுற்றித் தேவிகாபுரம், முனுகப்பட்டு, ஒண்ணுபுரம் என்று தறிச் சத்தம் கேட்கும் ஊர்கள் நிறைய. இங்கே தறிக்கு வரும் நூல், வருவதற்கு முன்பே பல கழிவுகளைத் தாண்டித்தான் வருகிறது. பட்டுக்கூட்டை வெந்நீரில் போட்டு நூலெடுக்கும்போது, மேலே சுற்றியிருக்கும் தாறுமாறான இழை ஒரே நூலாக வராது. அதை ஒதுக்கி வைப்பார்கள். வெளியே எறியமாட்டார்கள், விற்பார்கள். பருத்தியை நூற்பதுபோல அதை நூற்றால் ‘ஸ்பன் சில்க்’ என்னும் இன்னொரு பட்டுநூல் கிடைக்கும். உள்ளே கிடக்கும் புழு கோழித் தீவனத்துக்கும் மீன் தீவனத்துக்கும் போகும்.

அடுத்தது பசை. கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செரிசின் என்ற பசைதான். சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் வேகவைத்து அதைப் போக்குவார்கள். ஒரு கிலோ நூலைப் போட்டால் முக்கால் கிலோ சொச்சம் திரும்பி வரும். அந்தப் பளபளப்பும் வழவழப்பும் அப்போதுதான் தெரியும். இங்கே ‘எறி’, ‘ஒதுக்கு’ எதுவும் பொருந்தாது, ‘போக்கு’ என்பதுதான் பொருந்தும். கறையைப் போக்கு, களைப்பைப் போக்கு என்கிறோமே, அந்தப் போக்கு. ஒன்றில் ஒட்டியிருப்பது போகும், அந்த ஒன்று நிற்கும்.

தறியில் உட்கார்ந்தால், அறுந்த பாவு இழையை முடிச்சுப் போட்டு நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை நறுக்குவார்கள். அது தரையில் உதிரும், சாயங்காலம் துடைப்பத்தோடு போகும். ஜரிகை நுனி மட்டும் தரைக்குப் போகாது, டப்பாவுக்குப் போகும். காரணம் எளிது. காஞ்சிபுரத்தில் அரசு நிறுவனமாக நடக்கும் தமிழ்நாடு சரிகை ஆலையின் அசல் ஜரிகையில் சுமார் 40 விழுக்காடு வெள்ளி, அரை விழுக்காட்டை ஒட்டித் தங்கம். மிச்சம் செம்பும் பட்டும். பாட்டியின் கல்யாணப் புடவை மடிப்பு மடிப்பாகக் கிழிந்துபோனாலும், ‘பழைய பட்டுப்புடவை எடுக்கிறோம்’ என்று பலகை வைத்திருப்பவர் காசு கொடுத்து வாங்கிக்கொள்வது இதனால்தான். எரித்தால் பட்டு சாம்பலாகும், உலோகம் நிற்கும். அந்தப் புடவையை வீட்டில் ‘போட்டுவிட்டோம்’ என்று சொல்கிறோம். பழைய நகையைக் கடையில் கொடுத்து மாற்றினாலும் ‘போட்டுவிட்டோம்’ என்றுதான் சொல்கிறோம். ‘தூக்கி’ என்ற சொல் முன்னால் வந்தால் குப்பை, வராவிட்டால் பணம்.

‘தள்ளு’ இன்னும் வேடிக்கையானது. நெய்த புடவையில் பிசிறு இருந்தால் ‘தள்ளிட்டாங்க’ என்று நெசவாளர் முகம் வாடும். நீதிமன்றத்தில் மனு தள்ளுபடி ஆனால் அழுகை, வங்கியில் கடன் தள்ளுபடி ஆனால் சந்தோஷம். 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்குத் தள்ளுபடி என்றால் கூட்டம். மூன்றிலும் ஏதோ ஒன்று கணக்கிலிருந்து வெளியே தள்ளப்படுகிறது: முதலில் உங்கள் கோரிக்கை, அடுத்து உங்கள் பாக்கி, கடைசியில் விலையில் ஒரு பகுதி. தள்ளப்படுவது உங்களுடையதா, உங்கள் தலைமேல் இருந்ததா என்பதுதான் வித்தியாசம்.

‘ஒதுக்கு’ என்பதோ நேர் எதிரான இரண்டு காரியங்களைச் செய்யும். ஒருவரை ஊரைவிட்டு ஒதுக்கி வைத்தால் அது கொடுமை. அவருக்கென்று ஒரு பங்கை ஒதுக்கி வைத்தால் அது நீதி. நெசவாளருக்கு இது ஏட்டுச் சமாசாரம் இல்லை. கைத்தறி இரக ஒதுக்கீட்டுச் சட்டம் என்று 1985இல் மத்திய அரசு ஒன்று கொண்டுவந்தது. இன்னின்ன ரகங்களைக் கைத்தறியில் மட்டுமே நெய்யலாம், விசைத்தறி தொடக்கூடாது என்பது அதன் சாரம். முதலில் 22 ரகங்கள், பிற்பாடு 11 ஆகக் குறைத்தார்கள். அந்த 11-க்குள் சேலையும் இருக்கிறது. பட்டியலில் இருக்கும்வரை அது ‘உனக்காக ஒதுக்கியது’. பட்டியலிலிருந்து விழுந்த ரகத்தை நெய்தவர், அதே சொல்லின் மற்ற அர்த்தத்தில் ஒதுக்கப்பட்டவர்.

அரசாங்கத்துக்கே உரிய ஒரு சொல்லும் உண்டு: கண்டம். ஓடி ஓய்ந்த பஸ்ஸை ‘கண்டம் பண்ணிட்டாங்க’ என்று டிப்போவில் சொல்வார்கள். ஆங்கிலத்தின் ‘கண்டெம்’தான் நம் வாயில் இப்படி ஆனது. ஜாதகத்தில் கண்டம் என்றால் உயிருக்கு ஆபத்து என்பது ஏற்கெனவே நமக்குத் தெரியும் ஆகையால், வந்த சொல் சட்டென்று வேர்பிடித்துவிட்டது. கண்டமான வண்டி ஏலத்துக்குப் போகும், அங்கிருந்து காயலான் கடைக்கு.

கடைசியாக எல்லாவற்றுக்கும் தாய்ச்சொல், ‘கழி’. கணக்கில் கழித்தல், கடையில் கழிவு, வீட்டில் திருஷ்டி கழித்தல், சாக்கடையில் கழிவுநீர். புத்தகக் கடைக்காரர் ‘பத்து சதவீதம் கழிவு உண்டு’ என்றால் குப்பையை நீட்டுவதாக யாரும் நினைப்பதில்லை. போகி அன்று பழைய பாயை எரிக்கும்போது எல்லாரும் ‘பழையன கழிதலும் புதியன புகுதலும்’ என்ற வரியைச் சொல்வார்கள். அது பாயைப் பற்றியதே இல்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் கடைசி நூற்பாவில் வருவது, இலக்கணத்தைப் பற்றியது. காலம் மாறும்போது பழையவை போய்ப் புதியவை வருவது குற்றமாகாது என்பது அதன் கருத்து. அதில் பவணந்தியார் போட்டிருக்கும் சொல் ‘கழிதல்’, ‘கழித்தல்’ அல்ல. ஒரு ‘த்’தான் கூடுதல், ஆனால் கழிதல் தன்வினை, தானாக நடப்பது. கழித்தல் பிறவினை, ஒருவர் செய்வது. போகியில் நாம் செய்வது கழித்தல். அதற்கு நன்னூலாரைச் சாட்சிக்கு இழுப்பது அவ்வளவு சரியில்லை.

ஆங்கிலத்துச் சொல்லுக்குத் தமிழ் தேடுகிற பையனுக்கு நான் சொல்வது இதைத்தான்: அகராதியை எடுப்பதற்கு முன்னால், இது தானாகப் போனதா, யாராவது போக்கினார்களா என்று பார். இந்தப் பக்கத்துத் தெருக்களில் ‘தறி நின்னு போச்சு’ என்பார்கள். ‘தறியை நிறுத்திட்டோம்’ என்பவர்களும் இருக்கிறார்கள். முதல் வாக்கியத்தில் ஆளே இல்லை. இரண்டாவதில் இருக்கிறார், கூலி கட்டுபடியாகவில்லை என்று காரணமும் சொல்வார். செய்தி எழுதுகிறவர்களும் அறிக்கை எழுதுகிறவர்களும் பெரும்பாலும் முதல் வாக்கியத்தையே எடுத்துக்கொள்கிறார்கள், அதில் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதால்.