உட்கருவை உதறிய உயிரணு

பள்ளியில் அறிவியல் படித்த எல்லோரும் செல்லின் படத்தை ஒருமுறையாவது வரைந்து பாகம் குறித்திருப்பார்கள். நடுவில் உட்கரு, சுற்றிலும் மைட்டோகாண்ட்ரியா, புள்ளி புள்ளியாக ரைபோசோம், வெளியே சவ்வு. நம் உடம்பின் பெரும்பாலான செல்கள் இந்தப் படத்துக்குள் அடங்குவதில்லை. எண்ணிக்கையில் பத்தில் எட்டுக்கும் மேல் இரத்தச் சிவப்பணுக்கள்தான். ஒருவருக்கு ஏறக்குறைய 25 லட்சம் கோடி. அவற்றில் உட்கரு இல்லை, மைட்டோகாண்ட்ரியா இல்லை, ரைபோசோமும் இல்லை. செல்லின் எந்தப் பாகம் எதற்கு இருக்கிறது என்று அறிய, அவற்றையெல்லாம் இழந்த இந்தச் செல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

எலும்பு மஜ்ஜையில் அது பிறக்கும்போது எல்லாப் பாகங்களும் உண்டு. ஹீமோகுளோபின் செய்வதற்கான குறிப்பு உட்கருவுக்குள் டிஎன்ஏவில் இருக்கிறது. அதன் நகல் ஆர்என்ஏவாக வெளியே வருகிறது. ரைபோசோம்கள் அதைப் படித்து, அமினோ அமிலங்களை வரிசை பிசகாமல் கோத்துப் புரதமாக்குகின்றன. இரும்பைத் தாங்கும் ஹீம் என்ற பகுதி உருவாக மைட்டோகாண்ட்ரியாவும் கை கொடுக்கிறது. இப்படி ஒரே செல்லுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் நிறைகின்றன. ஒவ்வொன்றும் நான்கு ஆக்சிஜன் மூலக்கூறுகளைச் சுமக்க வல்லது.

வேலை முடியும் தறுவாயில் உட்கரு சுருங்கி, செல்லின் ஓரத்துக்கு நகர்ந்து, வெளியே தள்ளப்படுகிறது. பக்கத்தில் காத்திருக்கும் விழுங்கு செல் அதைத் தின்றுவிடுகிறது. மீந்த ரைபோசோம்கள் இன்னும் ஓரிரு நாள் ஹீமோகுளோபின் செய்துவிட்டு மறைகின்றன. மைட்டோகாண்ட்ரியாவைச் செல் தனக்குள்ளேயே செரித்துவிடுகிறது. பறவை, தவளை, மீன் ஆகியவற்றின் சிவப்பணுக்களில் உட்கரு கடைசிவரை இருக்கும். பாலூட்டிகள்தான் இப்படித் துறந்தவை.

துறந்ததால் கிடைத்தது என்ன? உட்கரு போனதும் செல் இருபுறமும் குழிந்த தட்டாகிறது. 7 முதல் 8 மைக்ரான் அகலமுள்ள அது, தன்னைவிடக் குறுகிய இரத்த நுண்குழாய்களில் வளைந்து நெளிந்து நுழைகிறது. மைட்டோகாண்ட்ரியா இருந்திருந்தால் சுமந்துபோகும் ஆக்சிஜனில் ஒரு பங்கை அதுவே எரித்திருக்கும். இப்போது சுமை முழுவதும் திசுக்களுக்கு. தன் பிழைப்புக்குச் சிவப்பணு, ஆக்சிஜன் தேவைப்படாத வழியில் குளுக்கோஸை உடைத்து லாக்டிக் அமிலமாக்குகிறது. ஒரு குளுக்கோஸுக்கு, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி இரண்டே கிடைக்கிறது. மைட்டோகாண்ட்ரியா இருந்தால் முப்பது வரை கிடைத்திருக்கும்.

அந்தச் சொற்ப ஆற்றலிலும் பெரும் பங்கைச் சவ்வு எடுத்துக்கொள்கிறது. உள்ளே கசியும் சோடியத்தைச் சவ்விலுள்ள புரதங்கள் ஓயாமல் வெளியேற்றி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கின்றன. இது நின்றால் உப்பைத் தொடர்ந்து நீரும் புகுந்து செல் உப்பி வெடிக்கும். எல்லை காப்பதற்கு இவ்வளவு செலவா என்று தோன்றலாம். எல்லை போனால் செல்லே இல்லை.

சவ்வைப் பற்றி நாம் அறிந்ததில் பாதி சிவப்பணு சொல்லித் தந்தது. உள்ளே வேறு சவ்வுகள் இல்லாததால், பிரித்தெடுக்கும் கொழுப்பு முழுவதும் வெளிச்சவ்வுடையதுதான். 1925-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் எவர்ட் கோர்ட்டரும் ஃபிரான்ஸ்வா கிரெண்டலும் அந்தக் கொழுப்பை நீர்மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பி அளந்தார்கள். செல்களின் மேற்பரப்பைப்போல் அது இரு மடங்கு வந்தது. ஆகவே சவ்வு ஈரடுக்கு என்றார்கள். உண்மையில் அவர்கள் கொழுப்பை முழுதாக எடுக்கவில்லை, செல்லின் பரப்பையும் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்கள். இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுகட்ட, விடை மட்டும் சரியாக நின்றது. அந்த ஈரடுக்கின் ஊடே தண்ணீர் எப்படி விரைந்து கடக்கிறது என்ற கேள்விக்கும் பதில் சிவப்பணுவிலேயே கிடைத்தது. அமெரிக்காவின் பீட்டர் ஆக்ரே அதன் சவ்வில் கண்ட ஒரு புரதம், நீருக்கு மட்டுமான வாயில் என்று 1992-இல் தெரியவந்தது. 2003-இல் அதற்காக நோபல் பரிசில் அவர் பங்கு பெற்றார்.

உட்கரு போனாலும் அது எழுதிவிட்டுப்போன பிழை போவதில்லை. ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்தால் அரிவாள் செல் நோய். ஆக்சிஜன் குறையும்போது மூலக்கூறுகள் இழைகளாகக் கோத்துக்கொள்ள, செல் அரிவாள்போல் விறைத்து நுண்குழாய்களை அடைக்கிறது; தாங்க முடியாத வலி வருகிறது. இந்தியாவில் இந்தக் குறைபாடு 1952-இல் முதலில் பதிவானது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். மலைக் கிராமங்களில் இதற்கான இரத்தப் பரிசோதனை எல்லோரையும் எட்ட வேண்டும்.

உட்கரு இல்லாத செல் பழுதுபார்த்துக்கொள்ள முடியாது. புதுப் புரதம் வராது, பழையது தேயும். சுமார் 120 நாளில் நெகிழ்வு குறைந்து, மண்ணீரல், கல்லீரல் ஆகியவற்றின் விழுங்கு செல்களுக்கு இரையாகிறது. நொடிக்கு ஏறக்குறைய 20 லட்சம் புதிய சிவப்பணுக்கள் அந்த இடத்தை நிரப்புகின்றன.

சர்க்கரை நோயாளிகள் ‘மூணு மாச சுகர்’ என்று சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனை நிற்பது இந்த ஆயுளின்மேல்தான். இரத்தத்தில் சர்க்கரை ஏற ஏற, ஹீமோகுளோபினில் அது ஒட்டுவதும் கூடும். ஒட்டியது செல் சாகும்வரை பெரும்பாலும் விலகாது. புது ஹீமோகுளோபின் செய்யச் செல்லுக்கு வழியும் இல்லை. ஆகவே ஒட்டியிருக்கும் அளவு, செல்கள் வாழ்ந்த நாட்களின் சர்க்கரையைக் காட்டுகிறது. அந்த ஆயுள் கணக்கு குலைவதால், அண்மையில் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும், நிறைய இரத்தம் இழந்தவர்களுக்கும், அரிவாள் செல் நோய் உள்ளவர்களுக்கும் அந்த எண் தவறாக வரலாம். பரிசோதனைக்கு முன்பே மருத்துவரிடம் இதைச் சொல்லிவிட்டால், அவர் வேறு முறையில் சர்க்கரையைக் கணிப்பார்.