பனியன் நகரில் லெந்து நாட்கள்

சாம்பல் புதனில் தொடங்கி ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை வரை நீளும் நாட்களைத் தமிழ்க் கத்தோலிக்கர் தவக்காலம் என்றும், சீர்திருத்தச் சபையினர் லெந்து காலம் அல்லது தபசு காலம் என்றும் வழங்குகின்றனர். இவை மொத்தம் 46 நாட்களாயினும், ஒவ்வொரு ஞாயிறும் உயிர்த்தெழுதலைக் கொண்டாடும் நாள் என்பதால் ஆறு ஞாயிறுகளைக் கழித்து 40 எனக் கணக்கிடுவது மரபு. இயேசு வனாந்தரத்தில் உபவாசித்த நாற்பது நாட்களே அக்கணக்குக்கு அடிப்படை. லெந்து என்ற சொல் வசந்தத்தைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. தமிழ் லுத்தரன் சபையை வளர்த்த அயல்நாட்டார் பெரும்பாலும் ஜெர்மானியரும் டேனியரும் சுவீடியருமாக இருந்தும், அவர்கள் மொழிகளை விட்டுவிட்டு ஆங்கிலச் சொல்லே இங்கு வழக்கில் நின்றுவிட்டது சற்று விந்தைதான். அந்த வசந்தமும் இங்கு இல்லை. மாசி முடிந்து பங்குனி வெயில் ஏறும் நாட்களில், தகரக் கூரையின் கீழ் தையல் இயந்திரங்கள் ஓடும் திருப்பூரில், லெந்து காலம் கோடையின் வாசலாகவே வருகிறது.

கொங்கு நாட்டில் லுத்தரன் சபையினர் சிறு தொகையினர். 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கிய பர்த்தொலொமேயு சீகன்பால்குவும் ஹென்றி புளுட்சோவும் தொடங்கிய பணி முதலில் சோழநாட்டிலேயே வேரூன்றியது. 1840-க்குப் பின் அதை ஏற்று நடத்திய ஜெர்மனியின் லைப்சிக் மிஷன்தான் கோயம்புத்தூர், பொள்ளாச்சி போன்ற மேற்கு ஊர்களிலும் நிலையங்கள் அமைத்தது. அதற்கு முன்பே, 1830-இல், லண்டன் மிஷன் கோயம்புத்தூரில் பணி தொடங்கியிருந்ததால் இப்பகுதிச் சீர்திருத்தச் சபையினரில் பெரும்பாலோர் அதன் வழி வந்து, 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தனர். 1919 ஜனவரி 14 அன்று தன்னாட்சி பெற்ற தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அந்த இணைப்பில் சேரவில்லை. அதன் தலைமையிடம் திருச்சிராப்பள்ளியில் உள்ளது. பனியன் தொழில் பெருகியபின் டெல்டாவிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்களால் நிறைந்த நகரம் திருப்பூர் என்பதால், இங்குள்ள எந்தக் கிறிஸ்தவச் சபையிலும் சொந்த ஊரைக் கேட்டால் வேறோர் ஊரின் பெயரே பதிலாக வரும் குடும்பங்கள் மிகுதி.

லுத்தரன் மரபில் லெந்து காலத்தின் இடம் எது என்பதை அறிய 1522-ஆம் ஆண்டின் லெந்து நாட்களைக் காண வேண்டும். அதற்கு ஐந்தாண்டு முன், 1517 அக்டோபர் 31 அன்று, மார்ட்டின் லுத்தர் வெளியிட்ட 95 கூற்றுகளில் முதலாவதே விசுவாசியின் வாழ்வு முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். அதாவது மனந்திரும்புதலை நாற்பது நாள் கணக்குக்குள் அடைக்கும் வழக்கத்தையே அது கேள்விக்குள்ளாக்கியது. அவர் வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்தபோது, விட்டன்பர்க் நகரில் சீர்திருத்தத்தைப் பொறுமையின்றி முன்னெடுத்தவர்கள் வழிபாட்டு முறைகளை ஒரே வீச்சில் மாற்றி, மனம் ஆயத்தமாகாதவர்களையும் அதற்கு வற்புறுத்தினர். திரும்பி வந்த லுத்தர், லெந்து காலத்தின் முதல் ஞாயிறான மார்ச் 9 முதல் எட்டு நாட்கள் தொடர்ந்து பிரசங்கித்தார். மாற்றங்களில் பலவற்றை அவர் எதிர்க்கவில்லை, வற்புறுத்தலைத்தான் எதிர்த்தார். வசனம் கேட்கப்பட வேண்டும், கேட்டவர் உள்ளத்தில் அது வேலை செய்யப் பொறுத்திருக்க வேண்டும், பலவீனரை விட்டுவிட்டு விரைவது அன்பாகாது என்பதே அவர் வாதம். லுத்தரன் சபைகளில் சபைப் புதுப்பித்தல், அதாவது தளர்ந்த சபையை மீண்டும் உயிர்ப்போடு எழச்செய்தல் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இந்த எட்டுப் பிரசங்கங்கள் நினைவுகூரப்படுவதற்குக் காரணம் அதுவே.

அதே லெந்து காலத்தில் சூரிக் நகரில் வேறொன்று நடந்தது. அச்சகம் நடத்திய கிறிஸ்டோப் ஃப்ரோஷாவரின் வீட்டில், புலால் விலக்கப்பட்டிருந்த நாளில், வேலையாட்களோடு சேர்ந்து இறைச்சி உண்ணப்பட்டது. நகர மன்றம் விசாரித்தபோது, ஃபிராங்ஃபர்ட் சந்தைக்குள் புத்தகத்தை முடித்தாக வேண்டும், இரவு பகலாக உழைப்பவர்களைக் கஞ்சியில் வைத்திருக்க இயலாது என்ற வகையில் அவர் விடையளித்தார். கப்பல் தேதிக்குள் ஆர்டரை முடிக்க இரவு ஷிப்ட் ஓட்டும் திருப்பூர்க்காரருக்கு இந்த விடை அயலான பேச்சாகத் தோன்றாது. சூரிக்கின் சீர்திருத்தப் போதகர் சுவிங்கிலி இதைத் தொடர்ந்து பிரசங்கித்து உணவு விதியையே உடைத்தார். லுத்தரன் மரபோ விதியை நீக்கிவிட்டு வழக்கத்தை வைத்துக்கொண்டது: 1529-இல் வந்த சிறிய ஞானோபதேசம் உபவாசத்தை நல்ல புற ஒழுக்கமாக ஏற்கிறது, ஆனால் திருவிருந்துக்கு, அதாவது அப்பமும் திராட்சரசமும் பகிரும் சடங்குக்கு, ஒருவரைத் தகுதியாக்குவது பசி அல்ல, விசுவாசமே என்கிறது, 1530-இன் ஆக்ஸ்பர்க் அறிக்கை உணவு வேறுபாடுகளால் கடவுளின் அருளைச் சம்பாதிக்க இயலாது என்று வரையறுக்கிறது.

ஆகவே இம்மரபில் லெந்து காலத்தின் நடுமையம் விடுவதன்று, கேட்பது. நான்கு சுவிசேஷங்களிலும் உள்ள இயேசுவின் பாடுகளை, அதாவது கைது முதல் அடக்கம் வரையிலான துன்பங்களை, ஒரே தொடர்வரலாறாக இணைத்து லுத்தரின் நண்பர் யோகான்னஸ் பூகன்ஹாகன் தொகுத்த நூல், நூற்றாண்டுகளாக லுத்தரன் சபைகளின் வாரநாள் ஆராதனைகளில் பகுதி பகுதியாக வாசிக்கப்பட்டது. வாசிப்புக்குத் துணை பாட்டு. பால் கெர்ஹார்ட்டின் பாடல்களும் பிற ஜெர்மானியப் பாடல்களும் 18-ஆம் நூற்றாண்டிலேயே தமிழாக்கப்பட்டன. வேதாகமத்தையும் தமிழாக்கிய யோகான் பிலிப் ஃபப்ரீசியுஸ் (1711–1791) இப்பணியில் முதன்மையானவர். அதே மெட்டு, அதே நிதானம், ஆனால் சொல் தமிழ். இதற்கு இணையாக, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் மாணவரான தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கர்நாடக இசையிலும் குறவஞ்சி போன்ற சிற்றிலக்கிய வடிவங்களிலும் கிறிஸ்தவப் பொருளைப் பாடினார். ஜெர்மானிய மெட்டில் அமைந்த பாமாலையும் தமிழ் இசை வழி வந்த கீர்த்தனையும் ஒரே ஆராதனையில் அடுத்தடுத்து ஒலிப்பதுதான் தமிழ் லுத்தரன் வழிபாட்டின் தனிச்சுவை. பாடுகளின் நாட்களில் அது இன்னும் கனமாகிறது. பலிபீடத்தில் ஊதாத் துணி விரிக்கப்படும், அல்லேலூயா பாடப்படாது, திருமணங்கள் பொதுவாகத் தள்ளிவைக்கப்படும்.

கேட்பதே மையம் என்றால், கேட்க நேரம் வேண்டும். திருப்பூரில் கிடைப்பதற்கு அரிய பொருள் அதுதான். பல பனியன் கம்பெனிகளில் வேலை காலை எட்டரை மணிக்குத் தொடங்குகிறது. ஒரு ஷிப்ட் என்பது எட்டு மணி நேரம், ஆனால் அங்கு இயல்பாகப் பேசப்படும் அளவு ஒன்றரை ஷிப்ட், அதாவது இரவு எட்டரை வரை. ஓவர்லாக், ஃபிளாட்லாக், பவர் டேபிள் எனத் தையல் பிரிவுகளில் பலர் பீஸ் ரேட்டில், அதாவது தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்ற கணக்கில் ஊதியம் பெறுகின்றனர்; அவர்களுக்கு ஒரு மணி நேர வழிபாடு என்பது அந்த நேரத்தில் தைத்திருக்கக்கூடிய உருப்படிகளின் கூலியை விட்டுக்கொடுப்பது. பிற இடங்களில் லெந்து காலத்து உபவாசத்தைச் சோற்றில் அளக்கலாம். இங்கு அதை நேரத்தில்தான் அளக்க முடியும். மதிய உணவை விட்டுவிட்டுப் பத்து மணி நேரம் மின்விசைத் தையல் இயந்திரத்தின் முன் அமர்வது பக்தியாகலாம், ஆபத்தும் ஆகலாம். விரல் ஊசியின் கீழ் இருக்கும் வேலையில் தலைசுற்றல் சிறிய செய்தியன்று. விதியில்லாத உபவாசம் என்ற பழைய லுத்தரன் நிலைப்பாடு இங்கே ஏட்டுத் தர்க்கமாக நில்லாமல் உடம்பைக் காக்கும் அறிவுரையாகிறது.

இத்தகைய நேர நெருக்கடிக்குப் பொருந்துவது வீட்டு ஜெபக் கூட்டம். இதுவும் லுத்தரன் மரபுக்குள்ளிருந்தே வந்தது. 1670 முதல் ஃபிராங்ஃபர்ட்டில் பிலிப் யாக்கோப் ஸ்பேனர் என்ற குருவானவர் சிறு குழுக்களை வீட்டில் கூட்டி வேதவாசிப்பு நடத்தினார். 1675-இல் வெளிவந்த அவருடைய நூல், சபையின் புதுவாழ்வு சாதாரண மக்கள் வேதத்தைத் தாமே வாசித்துப் பேசுவதிலிருந்துதான் பிறக்கும் என்று வாதிட்டது. பக்தி இயக்கம் எனப்படும் அந்த எழுச்சியின் மையமான ஹாலே நகரோடு தொடர்புடையவர்தான் சீகன்பால்கு. ஆகவே, லைன் வீடு எனப்படும் வரிசைக் குடியிருப்பின் ஓர் அறையில், இரவு ஒன்பது மணிக்குப் பாய் விரித்து, பாடுகளின் ஒரு பகுதியை வாசித்து, ஒரு கீர்த்தனை பாடி, தேநீரோடு கலைகிற கூட்டத்துக்குப் பின்னால் முந்நூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு. குருவானவர் எல்லாக் கூட்டங்களுக்கும் வர இயலாது. உபதேசியாரோ, மாதர் சங்கத்துப் பெண்ணொருவரோ நடத்துகிறார். விசுவாசிகள் அனைவரும் ஒருவகையில் ஆசாரியரே என்ற லுத்தரின் கோட்பாட்டுக்கு இதைவிட எளிய விளக்கம் தேவையில்லை.

வரிசைக் குடியிருப்பில் சுவருக்கு அப்பால் இருப்பவரும் நோன்பிலிருக்கலாம். 2025-இல் இந்தியாவில் ரமலான் நோன்பு மார்ச் 2 அன்றும், சாம்பல் புதன் மார்ச் 5 அன்றும் வந்தன. பங்குனியில் கொங்கு ஊர்களின் மாரியம்மன் கோயில்களில் பூச்சாட்டும் கம்பம் நடுதலும் விரதங்களோடு நடைபெறுகின்றன. ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து தைக்கும் இளைஞர்களில் லுத்தரன் குடும்பத்தார் இருப்பதும் இயல்பே: ராஞ்சியில் 1845-இல் கோஸ்னர் மிஷன் தொடங்கிய சபை தமிழ்ச் சபையைப் போலவே 1919-இல் தன்னாட்சி அடைந்தது, ஒடிசாவின் ஜெய்ப்பூரிலும் பழமையான லுத்தரன் சபை உள்ளது. மொழி வேறானாலும் இவர்கள் கற்ற ஞானோபதேசம் ஒன்றே. தமிழ்ச் சபைகள் இந்த உறவை இன்னும் போதிய அளவு கண்டுகொள்ளவில்லை என்றே சொல்ல வேண்டும். வடக்கிலிருந்து வந்தவரை ‘இந்திக்காரர்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்துவிடும் நகரத்தில், சபையும் அச்சொல்லுக்கு மேலே எழவில்லையெனில் புதுப்பித்தல் எதில் தொடங்கும்?

சாம்பல் புதனுக்குப் பல திருச்சபைகளின் வாசிப்பு அட்டவணையில் குறிக்கப்பட்ட ஏசாயா 58-ஆம் அதிகாரம் திருப்பூரில் வாசிக்கப்படும்போது கூர்மை பெறுகிறது. உபவாச நாளிலேயே தம் வேலையாட்களைக் கசக்குகிறவர்களை அது கண்டித்து, கட்டுகளை அவிழ்ப்பதும் பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வதுமே உண்மையான உபவாசம் என்கிறது. ஜாப் ஒர்க் எடுத்துச் சிறிய யூனிட் நடத்துபவரும், அவரிடம் தைப்பவரும் ஒரே ஆராதனையில் அமர்ந்திருக்கக்கூடிய ஊரில், இவ்வசனம் பொதுப்படையாகக் காற்றில் போகாது. அன்றாடத் தொழிலே கடவுளின் அழைப்பு, அதன் வழியே அயலாருக்குத் தொண்டு செய்யப்படுகிறது என்று லுத்தர் கற்பித்தார். அப்போதனையை ஓவர்டைம் வாங்குவதற்குத் துணையாக்கும் சபலம் எப்போதும் உண்டு. அதற்கு மாற்றாக நிற்பது இந்தத் தீர்க்கதரிசியின் வாசகம். இங்கே அயலார் என்போரில் நொய்யல் கரை உழவரும் அடங்குவர்: சாயப்பட்டறைக் கழிவால் ஆறு கெட்டு, பாசனம் பாழாகி, கழிவுநீர் முற்றாக வெளியேறாத நிலையை எட்டும்வரை பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட நேர்ந்தது. ஊர் முழுவதற்கும் சோறு போட்ட தொழிலின் பாவத்தை யார் அறிக்கையிடுவது என்ற கேள்வி, தனிமனிதரின் பாவ அறிக்கையோடு நின்றுவிடும் லெந்து பிரசங்கங்களில் அரிதாகவே எழுப்பப்படுகிறது.

பெரிய வெள்ளி இந்த இறுக்கங்கள் அனைத்தும் ஒன்றுகூடும் நாள். நண்பகல் 12 முதல் 3 மணி வரை சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் ஆராதனை நடைபெறுகிறது. ஆண்டில் வேறெந்நாளும் ஆலயத்துக்கு வராதவர்களும் அன்று வருவர். ஆனால் தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டுத் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு ஐந்து பண்டிகை நாட்களையே தொழில் நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்குகிறது. அந்த ஐந்தில் பெரிய வெள்ளி இடம்பெறுவது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஜெர்மனியிலோ அது பொது விடுமுறை. திருப்பூர்ச் சட்டைகளை வாங்கும் நாட்டில் கடைகள் அடைத்திருக்க, அந்நாட்டிலிருந்து வந்த பாடலைத் தமிழில் பாட ஆலயத்துக்குச் செல்லும் தையல்காரர் அரைநாள் கூலியை இழக்கிறார். சில சபைகள் இத்தகையோருக்காக அதிகாலையிலோ இரவிலோ மற்றோர் ஆராதனை வைப்பதுண்டு. மூன்று மணி நேரம் முழுமையாக அமர்வதே பக்தி என்று கருதும் மூத்தோர்க்கு இது குறைப்பாகத் தோன்றலாம். 1522-இன் பிரசங்கங்களைப் படித்தவர்க்கு அப்படித் தோன்றாது.

மறுநாள் சனிக்கிழமை. திருச்சபை நாட்காட்டியில் அது கல்லறையின் நாள். பலிபீடம் வெறுமையாக இருக்கும், ஆராதனை இராது. திருப்பூரில் சனிக்கிழமை வாரச் சம்பள நாள். மாலையில் கம்பெனி வாசல்களில் கூட்டம் திரண்டு, கடைவீதியும் பேருந்து நிலையமும் நள்ளிரவு வரை நிரம்பி வழியும். லெந்து காணிக்கைக்கென்று வீட்டுக்கு ஓர் உறை தந்து, விலக்கிய செலவை ஆறு வாரமும் அதில் சேர்த்து ஈஸ்டர் விடியற்கால ஆராதனையில் படைக்கச் சொல்லும் வழக்கம் பல சபைகளில் உண்டு. இங்கே அந்த உறையில் கடைசி நோட்டு விழுவது அந்தச் சனிக்கிழமை இரவில்தான்; விடிய நான்கு மணிக்கு ஆராதனை.