உங்களுக்குத் தெரியுமா? இதயத்தின் கடிவாளம்

இதயத்தை அதன் போக்கில் விட்டுவிட்டால் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நமக்கு 70, 75 என்று இருப்பதற்குக் காரணம், மூளையின் அடிப்பகுதியிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு ஓயாமல் இழுத்துப் பிடித்திருக்கும் கடிவாளம்தான். மாற்று இதயம் பொருத்திக்கொண்டவர்களிடம் இதை நேரடியாகப் பார்க்கலாம். அறுவை சிகிச்சையில் அந்த நரம்பு அறுபட்டுவிடுவதால், ஓய்வாக இருக்கும்போதே அவர்களுக்கு நாடி பெரும்பாலும் 90, 100 என்று ஓடும். மாடிப்படி ஏறினாலும் உடனே வேகம் கூடாது. அட்ரினலின் ரத்தத்தில் கலந்து வந்து சேரும்வரை பொறுக்க வேண்டும்.

அந்த நரம்பு இதயத்திடம் எப்படிப் பேசுகிறது? இதற்கு விடை ஒரு கனவில் கிடைத்தது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் இருந்த ஆராய்ச்சியாளர் ஓட்டோ லோவி பிற்காலத்தில் தாமே சொன்ன கதை இது. ஓர் இரவு கனவில் ஒரு சோதனை தோன்றியது. துண்டுத்தாளில் கிறுக்கிவிட்டுத் தூங்கிப்போனார். காலையில் பார்த்தால் தம் கையெழுத்தே அவருக்குப் புரியவில்லை! மறுநாள் இரவு அதே கனவு மீண்டும் வந்ததும் எழுந்து நேரே ஆய்வகத்துக்குப் போனார். துடித்துக்கொண்டிருந்த இரண்டு தவளை இதயங்களை எடுத்துக்கொண்டார். ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டியதும் துடிப்பு குறைந்தது. அந்த இதயத்தில் இருந்த உப்புநீரை எடுத்து மற்றதில் விட்டார். நரம்பே தீண்டாத அந்த இதயமும் நிதானமானது. நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்துதான் கட்டளையிடுகிறது என்று 1921-ல் உலகுக்குத் தெரிந்தது இப்படித்தான். அதன் பெயர் அசிடைல்கோலின். 1936-ல் ஹென்றி டேலுடன் லோவிக்கு நோபல் பரிசு கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில், யூதர் என்பதற்காக நாஜிகள் அவரைச் சிறையில் அடைத்தார்கள். பரிசுப் பணத்தை எழுதி வாங்கிக்கொண்ட பிறகே நாட்டைவிட்டுப் போக விட்டார்கள். நெஞ்சு கொதிக்கிறது.

நீங்கள் எழுந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் சுமார் அரை லிட்டர் ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலுள்ள நுண்ணிய உணர்விகள் அதனால் வரும் அழுத்தக் குறைவைக் கண்டுகொண்டு மூளைக்குச் சொல்ல, சில விநாடிகளில் ரத்தக்குழாய்கள் சுருங்கி, துடிப்பு கூடி, எல்லாம் சரியாகிவிடுகிறது. வயதானால் இந்த அனிச்சைச் செயல் மந்தமாகும். நாள்பட்ட சர்க்கரை நோயும் சில பிரஷர் மாத்திரைகளும் அதை இன்னும் தளர்த்தும். நள்ளிரவில் பாத்ரூம் போக எழுந்த பெரியவர்கள் கண் இருட்டி விழுவது பல நேரம் இதனால்தான். எழுந்ததும் கட்டிலிலேயே ஓரிரு நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு நடக்கும்படி உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியிடம் தயவுசெய்து இன்றே சொல்லுங்கள்.

ஒரு குழாயின் விட்டம் பாதியாகக் குறைந்தால், அதே அழுத்தத்தில் அதன் வழியே ஓடுவது 16-ல் ஒரு பங்குதான். குறுந்தமனிகள் துளி சுருங்கினாலும் பிரஷர் ஏறுவது இந்தக் கணக்கினால்தான்.

ரத்தக்குழாயின் உட்புறம் ஒரே ஒரு செல் கனமுள்ள படலம்தான். வெறும் உள்பூச்சு என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். அந்தப் படலம் சிதையாமல் இருந்தால்தான், லோவி கண்ட அதே அசிடைல்கோலின் தமனியை விரிக்கிறது என்று 1980-ல் ராபர்ட் ஃபர்ச்காட் காட்டினார். படலம் வெளியிடும் பொருள் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயு எனப் பின்னர் தெரியவந்தது. இதற்காக 1998-ல் மூவருக்கு நோபல் பரிசு. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையும் உடம்புக்குள் இதே வாயுவைத்தான் தருகிறது. டைனமைட்டின் மூலப்பொருளும் நைட்ரோகிளிசரின்தான். முதுமையில் இதய நோய்க்காக மருத்துவர்கள் அதை ஆல்ஃபிரட் நோபலுக்கே எழுதிக்கொடுத்திருக்கிறார்கள்!

பிரேசில் நாட்டு ஜரராக்கா விரியன் கடித்தால் ரத்த அழுத்தம் சரேலென்று இறங்கும். அதன் நஞ்சை ஆராய்ந்த வழியில் பிறந்த பிரஷர் மருந்துதான் 1981-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கேப்டோப்ரில்.

அதே 1981-ல் கனடாவில் அடோல்ஃபோ டி போல்ட் குழு, எலி இதயத்தின் மேலறைச் சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றுக்குச் சிறுநீரும் உப்பும் ஏராளமாக வெளியேறின. ரத்தம் மிகுந்து அறைகள் விரிந்தால், இதயமே ஹார்மோன் சுரந்து சிறுநீரகத்துக்கு ஆணையிடுகிறது. மூச்சுத்திணறலோடு வருபவருக்கு இதயம் பலவீனப்பட்டிருக்கிறதா என்று அறிய, இந்தக் குடும்பத்து ஹார்மோன் ஒன்றின் அளவைத்தான் இன்று ரத்தத்தில் பார்க்கிறார்கள்.