கருப்பையைக் காக்கும் தையல்

மகவு பிறந்து நச்சுக்கொடி நீங்கியதும் கருப்பைத் தசைநார்கள் இறுகிச் சுருங்கி, தம்மிடையே ஓடும் குருதிக்குழாய்களை நெரித்து அடைக்கின்றன. அத்தசை தளர்ந்துவிடின் குருதி பெருகித் தாயின் உயிரை விரைவிற் கவர்ந்துவிடும். மருந்துகள் பயன்தராதவிடத்துக் கருப்பையையே அகற்றுதல் நெடுங்காலம் பெரும்பாலும் இறுதி வழியாயிருந்தது. உயிர் தப்பிய தாய் மீண்டும் கருவுறும் பேற்றை இழந்தாள்.

இங்கிலாந்தின் மில்ரன் கீன்ஸ் நகரிற் பணிபுரிந்த கிறிஸ்ரோபர் பி-லிஞ்ச் என்னும் மருத்துவர், 1997இல், 5 தாய்மாருக்குச் செய்த சத்திரசிகிச்சையை விவரித்து வேறொரு வழியை வெளியிட்டார். முதலிற் கருப்பையை இரு கைகளாலும் அமுக்கிப் பார்ப்பர். குருதி நிற்குமாயின், உடலிற் கரையும் நூலினால் அதனைத் தோள்வார் மாட்டியதுபோல முன்னும் பின்னுமாகச் சுற்றி இறுக்கித் தைப்பர். தசை செய்யத் தவறியதை நூல் செய்கின்றது.

இதுவும் பயன்தராவிடின் கருப்பையை அகற்றத் தயங்கலாகாது. தாயின் உயிரே முதன்மையானது.