மஞ்சள் பந்தைப் படம் பிடிப்பது

காட்சித் தொடர்பியல் படிக்கும் மாணவி ஒருவரிடமிருந்து கடிதம். அதிகம் பேர் அறியாத விளையாட்டு ஒன்றைப் பற்றிப் பத்து நிமிட ஆவணப்படம் எடுக்க வேண்டுமாம். பூப்பந்தாட்டத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். "ரெண்டு நாள் ஷூட் பண்ணிட்டோம் சார், பந்தே தெரியல" என்று எழுதியிருக்கிறார். எனக்கு உடனே எங்கள் ஊர்ப் பள்ளி மைதானம் ஞாபகம் வந்தது. பெரியப்பா வலையோரம் நின்று ஆடுவார். வெளியே போகும் பந்தை ஓடிப்போய் எடுத்து வருவது என் வேலை.

ஐந்து பேர், வலை, மட்டை என்பதையெல்லாம் ஆட்டமே காட்டிவிடும். 1850களிலேயே தஞ்சாவூரில் ஆடினார்கள் என்பதையும், 1970-ல் பிச்சையா இந்த ஆட்டத்துக்காக அர்ஜுனா விருது பெற்றதையும் இரண்டு வரியில் சொல்லலாம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். இலங்கைத் தமிழர்களுக்குப் பூப்பந்து என்றால் இறகுப்பந்து. ஆகவே பெயரை நம்பாமல், முதல் காட்சியிலேயே பந்தைக் காட்டிவிடுங்கள்.

அந்தப் பந்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். மஞ்சள் கம்பளி நூலால் ஆனது. விட்டம் 5 சென்டிமீட்டர்தான், எடை 30 கிராமுக்குள். புதுப் பந்தில் நூல் வரிவரியாகத் தெரியும். நாலு ஆட்டம் அடிபட்டதும் மேலெல்லாம் பிசிறு கிளம்பி, கோழிக்குஞ்சு மாதிரி ஆகிவிடும். மழையில் நனைந்தால் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும்; அன்றைக்கு ஆட்டம் அவ்வளவுதான். காற்று இதைப் படுத்தும் பாடு தனி. களத்தில் நெல் தூற்றும்போது மணி காலடியில் விழும், பதர் தள்ளிப் போய் விழும். இந்தப் பந்து இரண்டுக்கும் நடுவே ஒரு போக்குப் போகும். நேராக வந்துகொண்டிருப்பது கடைசி நேரத்தில் தோளுக்கு வெளியே ஒதுங்கும். பெரியப்பா சர்வீஸ் போடுமுன் வேப்பமரத்து உச்சியை ஒரு பார்வை பார்ப்பார். இலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கிறார் என எனக்குப் புரியவே ஒரு வருஷம் ஆயிற்று. அந்தப் பார்வை உங்கள் படத்தில் இருக்க வேண்டும்.

பந்து ஏன் தெரியவில்லை? விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஷட்டர் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் பந்து 40 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். தன்னைப்போல் எட்டு மடங்கு நீளத்துக்கு இழுபட்டு, வெறும் மஞ்சள் தீற்றலாகத்தான் பதியும். ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் நகர்வு 2 சென்டிமீட்டர்தான். பந்து பந்தாகத் தெரியும், பறக்கும் பிசிறுகூடத் தெரியும். ஆனால் உள்ளே வரும் வெளிச்சமும் இருபதில் ஒரு பங்காகிவிடும். சாயங்காலம் ஐந்தரைக்குப் போய் நின்றால் படம் இருட்டிவிடும். காலை எட்டு மணி வெயிலில் எடுங்கள். பந்துக்குப் பின்னால் வெளிறிய வானம் வராமல், அடர்ந்த மரமோ நிழல் விழுந்த சுவரோ இருக்கும்படி நில்லுங்கள்.

அடுத்தது சத்தம். மட்டையில் கம்பளி படும்போது எழும் அந்த மெத்தென்ற 'தொப்' வேறு எந்த ஆட்டத்திலும் கிடையாது. ஆடுகளம் 24 மீட்டர் நீளம். ஒரு கோடியில் கேமராவை வைத்தால், மறுகோடியில் அடிக்கும் சத்தம் வந்துசேர விநாடியில் நூறில் ஏழு பங்கு ஆகும். எடிட்டிங்கில் பார்த்தால் காட்சிக்குப் பின்னால் ஏறக்குறைய இரண்டு ஃபிரேம் தள்ளி நிற்கும். ஆகவே செல்போன் ஒன்றில் ரெக்கார்டரைப் போட்டு, காற்றடிக்காமல் கைக்குட்டையைச் சுற்றி, வலைக் கம்பத்தின் அடியில் வைத்துவிடுங்கள்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். மாணவர் படங்கள் நிறையப் பார்க்கிறேன். ட்ரோன் பறக்கிறது, புல்லாங்குழல் அழுகிறது, 'அழிந்துவரும் விளையாட்டு' என்று ஒரு கனத்த குரல் பேசுகிறது. அந்த 'தொப்' காதில் விழுவதே இல்லை. ஆடுகிறவர்கள் இரங்கல் கேட்டு அங்கே வரவில்லை. வேலைக்குப் போகுமுன் ஒரு ஆட்டம் ஜெயித்துவிட்டுப் போக வந்திருக்கிறார்கள். மைதானத்துக்குச் சுற்றுச்சுவர் இல்லை, பந்து வாங்கக் காசு இல்லை என்றால் அதைக் காட்டுங்கள், தட்டிக் கேளுங்கள். ஆனால் முதலில் ஆடுகிறவர் அந்தப் பந்தை எப்படி எடுத்தார் என்பதைக் காட்டிவிட்டுக் கேளுங்கள். பள்ளிப் பிள்ளைகளை எடுப்பதானால் பெற்றவர்களிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசிப் பாயின்ட் முடிந்ததும் கேமராவை மூடிவிடாதீர்கள். யாராவது ஒருவர் வலையை அவிழ்ப்பார், இன்னொருவர் வேலியோரம் பந்து தேடுவார். அந்த ஐந்து நிமிஷத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.