நேர்த்திக்கடனும் யூபிலி ஆண்டும்

பெங்களூரு மாநகரின் கிழக்கு எல்லைப் பகுதியாகிய வைட்ஃபீல்டிலிருந்து சிவாஜி நகர் மரியன்னை பசிலிக்காவிற்குச் சாலை வழியே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவு இருக்கும். ஆண்டுதோறும் செப்டம்பர் 8ஆம் நாள் நிகழும் மரியன்னை பிறப்புத் திருவிழாவிற்கு நகரின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் இத்திருத்தலத்தை நாடிச் செல்கின்றனர். கத்தோலிக்கத் திருச்சபை புனித ஆண்டாக அறிவிக்கும் ஆண்டுகளில் இதே பயணம் வேறொரு பொருளையும் பெறுகிறது. வழியும் கோயிலும் பயணியும் மாறுவதில்லை. பயணத்தின் நோக்கம் மாறுகிறது. அம்மாற்றத்தைத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் சொற்களின் துணைகொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. யூபிலி என்னும் சொல்

யூபிலி என்னும் சொல் எபிரேய மூலத்தைக் கொண்டது. ஆட்டுக்கடாவின் கொம்பையும் அக்கொம்பால் ஊதப்படும் எக்காளத்தையும் குறித்த 'யோபேல்' என்னும் சொல்லிலிருந்து இது தோன்றியதென்பர். விவிலியத்தின் லேவியர் நூல் 25ஆம் அதிகாரம் யூபிலியின் முறைமையை வகுத்துரைக்கிறது. ஏழேழ் ஆண்டுகள் கழிந்தபின் வரும் ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் முழங்க வேண்டும். வறுமையால் விற்கப்பட்ட நிலம் பழைய உரிமையாளரிடம் திரும்ப வேண்டும். தம்மையே அடிமையாக விற்றுக்கொண்டோர் விடுதலை பெற்றுத் தம் குடும்பத்திற்கு மீள வேண்டும். இதற்கு இணையாக, ஏழாண்டுகளுக்கு ஒருமுறை கடன்களை விட்டுவிட வேண்டுமென இணைச்சட்ட நூல் 15ஆம் அதிகாரம் விதிக்கிறது. ஆகவே யூபிலி என்பது அடிப்படையில் விடுதலையைக் குறிக்கும் சொல். நிலத்தையும் மனிதரையும் பற்றிய பொருளியல் ஒழுங்கின் பெயர்.

உரோமைத் திருச்சபையில் இது 1300ஆம் ஆண்டு புதுவடிவம் பெற்றது. அவ்வாண்டில் எட்டாம் போனிபாஸ் திருத்தந்தை, பேதுரு, பவுல் ஆகிய திருத்தூதர்களின் பெருங்கோயில்களைக் காண வருவோர்க்குப் பாவத்திற்குரிய தண்டனையிலிருந்து முழு விடுதலை உண்டென அறிவித்தார். உரோமையில் வாழ்வோர் 30 நாளும் வெளியிலிருந்து வருவோர் 15 நாளும் அக்கோயில்களைக் காண வேண்டும் என்பது அன்றைய நிபந்தனை. நூறாண்டுகளுக்கு ஒருமுறை என வகுக்கப்பட்டது, ஆறாம் கிளமெந்து காலத்தில் ஐம்பதாண்டுகளாகி, 1350இல் இரண்டாம் யூபிலி நிகழ்ந்தது. 1475 முதல் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்வது வழக்கமாயிற்று. இவையன்றி 1983ஆம் ஆண்டிலும் 2015-2016லும் நிகழ்ந்தவைபோன்ற சிறப்பு யூபிலிகளும் உண்டு.

2. வைட்ஃபீல்டும் மரியன்னை கோயிலும்

வைட்ஃபீல்ட் குடியிருப்பும் இன்றைய மரியன்னை கோயிலும் 1882ஆம் ஆண்டோடு தொடர்புடையவை. அவ்வாண்டில் மைசூர் மன்னர் பத்தாம் சாமராச உடையார் ஆங்கிலோ-இந்தியக் குடியேற்றத்திற்கென 3,900 ஏக்கர் நிலம் வழங்கினார். அக்குடியேற்றம் அதற்கு உழைத்த டி. எஸ். வைட் என்பவரின் பெயரைப் பெற்றது. அதே ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் சிவாஜி நகரில் கோதிக் பாணியில் எழுப்பப்பட்ட மரியன்னை கோயில் அர்ச்சிக்கப்பட்டது.

ஆயினும் சிவாஜி நகர்க் கோயிலின் வேர் இக்கட்டடத்தினும் பழமையானது. செஞ்சிப் பகுதியிலிருந்து குடிபெயர்ந்த தமிழ்க் கிறித்தவர்கள் அந்நாளில் பிளாக்பள்ளி எனப்பட்ட இவ்விடத்தில் குடியமர்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபே துபுவா என்னும் பிரெஞ்சுக் குரு இங்கு எழுப்பிய சிறுகோயில் 'காணிக்கை மாதா' என்னும் பெயரால் வழங்கியது. 1973ஆம் ஆண்டு ஆறாம் பவுல் திருத்தந்தை இக்கோயிலைப் பசிலிக்கா நிலைக்கு உயர்த்தினார். தமிழ், கன்னடம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் இங்கு வழிபாடு நிகழ்கிறது. சேலையுடுத்திய அன்னையின் திருவுருவமும், திருவிழாவிற்குமுன் நிகழும் நவநாளும், தேர்ப்பவனியும், காவியுடுத்துச் செல்லும் பயணிகளும் வேளாங்கண்ணி மரபை நினைவூட்டுவன.

வைட்ஃபீல்டில் லூர்து அன்னையின் பெயரால் அமைந்த பங்குக் கோயிலும் உண்டு. 1858இல் பிரான்சு நாட்டு லூர்து நகரில் பெர்னதெத் என்னும் சிறுமிக்கு அன்னை காட்சியளித்ததாகத் திருச்சபை ஏற்றுள்ள நிகழ்வே இப்பெயர்க்குக் காரணம். ஆகவே இவ்வூர்க் கத்தோலிக்கருக்கு அன்னையின் கோயில் தம் ஊரிலேயே இருக்கிறது. அவ்வாறிருந்தும் அவர்கள் வேறொரு கோயிலை நாடிப் பயணம் மேற்கொள்வது ஏன்? இவ்வினாவிற்குரிய விடை நேர்த்திக்கடன் என்னும் சொல்லில் அடங்கியுள்ளது.

3. நேர்த்திக்கடன்

'நேர்தல்' என்னும் வினைக்கு உடன்படுதல், வாக்களித்தல் என்னும் பொருள்கள் உண்டு. அதனடியாகப் பிறந்தவை நேர்ச்சை, நேர்த்தி என்பன. நோய் நீங்கினால், குழந்தை பிறந்தால், வழக்குத் தீர்ந்தால் இன்னது செய்வேன் என்று வாக்களிப்பது நேர்ச்சை. வேண்டியது கிடைத்தபின் அவ்வாக்கு கடனாகிறது. தமிழில் கடன் என்பது கொடுக்க வேண்டிய பொருளையும் செய்ய வேண்டிய கடமையையும் ஒருங்கே குறிக்கும். இவ்விரு பொருளும் நேர்த்திக்கடன் என்னும் தொடரில் இணைந்து நிற்கின்றன. 'காணிக்கை' என்பதும் இத்தகையதே. காண் என்னும் வினையடியாகப் பிறந்து, பெரியோரைக் காணுங்கால் முன்வைக்கும் பொருளைக் குறித்த சொல் அது. சிவாஜி நகரின் பழைய சிறுகோயில் அச்சொல்லையே தன் பெயரிற் கொண்டிருந்தமை கருதத்தக்கது.

நேர்ச்சை மரபு கத்தோலிக்கர்க்கு மட்டும் உரியதன்று. பழனிக்குக் காவடி எடுப்போரும் நாகூர் தர்காவிற்குச் செல்வோரும் இதே மனநிலையில் பயணம் செய்கின்றனர். சமய எல்லை கடந்து வேளாங்கண்ணியிலும் சிவாஜி நகரிலும் மக்கள் கூடுவதற்கு இப்பொது மரபு ஒரு முக்கியக் காரணம் எனலாம். முடி காணிக்கை, மெழுகுதிரி, வெள்ளியாலான உறுப்புருக்கள், நடைப்பயணம் ஆகிய அனைத்தும் பெற்ற நன்மைக்கு ஈடாகச் செலுத்தப்படும் கடன்களே.

இம்மரபில் நன்றியுணர்வு பெரிது. அதனோடு ஓர் அச்சமும் கலந்திருப்பதை மறுத்தற்கில்லை. செலுத்தாத நேர்ச்சை குடும்பத்தைத் தொடரும் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. தாய் நேர்ந்ததை அவள் இறந்தபின் மகள் செலுத்துவதும், நடக்க இயலாத முதியவர் தம் வாக்கை எண்ணி வருந்துவதும் இவ்வெண்ணத்தின் விளைவுகளே. புனித ஆண்டு இவ்விடத்திலேயே வேறொரு நெறியைக் காட்டுகிறது.

4. பலன் என்னும் சொல்

பழைய கத்தோலிக்கத் தமிழில் 'பரிபூரண பலன்' என்றும் இக்காலத் தமிழில் 'நிறைபேறு பலன்' என்றும் வழங்கும் தொடரே புனித ஆண்டின் மையக் கருத்தைக் குறிப்பது. இங்குப் பலன் என்பது உழைப்பிற்குக் கிடைக்கும் ஊதியம் என்று பொருள்படாது. ஒப்புரவு அருளடையாளத்தில் பாவம் மன்னிக்கப்பட்ட பின்னும், அப்பாவத்தின் விளைவாகத் தீர்க்கப்பட வேண்டிய தண்டனை எஞ்சி நிற்கும் என்பது கத்தோலிக்கக் கோட்பாடு. அவ்வெச்சத்தையும் திருச்சபை இறைவனின் இரக்கத்தால் நீக்குவதே நிறைபேறு பலன். எனவே நேர்த்திக்கடனில் பயணி தன் கடனைச் செலுத்துகிறான். யூபிலியில் அவன் கடன் நீக்கப்படுகிறது. ஒரே வழியில் நடக்கும் இருவகைப் பயணங்களுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இப்பலனைப் பெறும் நிபந்தனைகள் நான்கு. பாவ அறிக்கை செய்து ஒப்புரவு பெறுதல், நற்கருணை உட்கொள்ளுதல், திருத்தந்தையின் கருத்துக்களுக்காக வேண்டுதல், எத்தகைய பாவத்தின்மீதும் பற்றின்றியிருத்தல் என்பன அவை. பழந்தலைமுறையினர் இவற்றுள் முதலிரண்டைப் பாவசங்கீர்த்தனம் என்றும் சற்பிரசாதம் என்றும் வழங்குவர். சொற்கள் மாறினும் முறைமை மாறவில்லை. நான்காம் நிபந்தனையே கடினமானது. அதைப் பொருளாலோ நடையாலோ நிறைவேற்ற இயலாது.

யூபிலிக்கும் நேர்ச்சைக்கும் வரலாற்றில் நேரடித் தொடர்பும் உண்டு. பண்டைய யூபிலி ஆண்டுகளில், பயணிகள் செய்திருந்த நேர்ச்சைகளை வேறு நற்செயல்களாக மாற்றித்தரும் சிறப்பு அதிகாரம் குருக்களுக்கு வழங்கப்பட்டது. இன்றைய திருச்சபைச் சட்டத் தொகுப்பும் தக்க காரணமிருப்பின் தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விலக்களிக்கும் அதிகாரத்தைப் பங்குக் குருவுக்கு அளிக்கிறது. இவ்விலக்கு யூபிலி ஆண்டில் மட்டுமன்றி எந்நாளிலும் கிடைப்பது. நிறைவேற்ற இயலாத நேர்ச்சை தலைமுறை தலைமுறையாகத் தொடரும் சுமையன்று என்பதை இது தெளிவாக்குகிறது.

5. 2025ஆம் ஆண்டு யூபிலி

தொடக்கத்தில் யூபிலி உரோமைக்குச் செல்ல இயன்றோர்க்கே உரியதாயிருந்தது. பின்னர் உரோமையில் யூபிலி நிறைவுற்றபின் பிற நாடுகளுக்கும் அதை நீட்டிக்கும் வழக்கம் தோன்றியது. 1950ஆம் ஆண்டின் யூபிலி 1951இல் உலகெங்கும் நீட்டிக்கப்பட்டது. 1975ஆம் ஆண்டு யூபிலிக்கு ஆறாம் பவுல் இம்முறையைத் தலைகீழாக்கினார். 1973இலேயே மறைமாவட்டங்களில் கொண்டாட்டம் தொடங்கி, பின்னரே அது உரோமையை அடைந்தது.

2025ஆம் ஆண்டு யூபிலியைப் பிரான்சிசு திருத்தந்தை 2024 மே 9ஆம் நாள் ஆணையோலையால் அறிவித்து, டிசம்பர் 24ஆம் நாள் தொடங்கிவைத்தார். 2026 சனவரி 6ஆம் நாளை அதன் நிறைவு நாளாக ஆணையோலை வகுத்தது. 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்பது அதன் கருப்பொருள். முன்னாளில் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என வழங்கிய மூன்று நற்பண்புகளும் இன்று நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என வழங்குகின்றன. நம்பிக்கை என்னும் சொல் இரண்டாம் பண்பிலிருந்து முதற்பண்பிற்கு இடம்பெயர, அவ்விடத்தை எதிர்நோக்கு நிரப்பியது.

அந்த யூபிலிக்கென வெளியிடப்பட்ட பலன் பற்றிய ஆணை, உலகிலுள்ள எந்தப் பசிலிக்காவையும் மறைமாவட்டப் பேராலயத்தையும் மரியன்னை திருத்தலத்தையும் திருப்பயண இடமாக ஏற்றது. அங்குச் சிறிது காலம் நற்கருணை ஆராதனையிலும் தியானத்திலும் செலவிட்டு, கர்த்தர் கற்பித்த செபம், விசுவாச அறிக்கை, மரியன்னை மன்றாட்டு ஆகியவற்றோடு நிறைவுசெய்ய வேண்டுமென அது வகுத்தது. இதனால், 2023 அக்டோபர் முதல் நகரோடு வைட்ஃபீல்டை முழுமையாக இணைத்துள்ள மெட்ரோ தொடர்வண்டியில் ஏறி, கப்பன் பூங்கா நிலையத்தில் இறங்கிப் பசிலிக்காவிற்கு நடந்து சென்ற தொழிலாளிக்கும் உரோமைக்கு வானூர்தியிற் சென்றவருக்கும் கிடைத்த பலன் ஒன்றே.

ஆணை இதனோடு நிற்கவில்லை. நோயாளர், முதியோர், சிறைப்பட்டோர் ஆகியோர் தாம் இருக்கும் இடத்திலிருந்தே தம் துன்பத்தை ஒப்புக்கொடுத்து இப்பலனைப் பெறலாம் என்றது. நோயுற்றோரையும் சிறையிலிருப்போரையும் தனிமையில் வாடும் முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் சென்று காண்பது, அவர்களுள் உறையும் கிறிஸ்துவை நோக்கிய திருப்பயணமாகவே கொள்ளப்படும் என்றும் கூறியது. இதன்படி, நடக்க இயலாத முதியவர் திருப்பயணத்தின் சேரிடமாகவும் ஆகிறார்.

6. முடிவுரை

யூபிலியின் பழம்பொருள் நிலத்தையும் கடனையும் பற்றியது என முன்னர்க் கண்டோம். பிரான்சிசு திருத்தந்தையின் ஆணையோலை அப்பொருளை மீண்டும் நினைவூட்டி, திருப்பிச் செலுத்தும் ஆற்றலற்ற ஏழை நாடுகளின் கடன்களை விட்டுவிடுமாறு செல்வ நாடுகளை வேண்டியது. மத்தேயு நற்செய்தியில் கர்த்தர் கற்பித்த செபத்தின் கிரேக்க மூலமும் குற்றத்தைக் குறிக்கக் கடன் என்னும் பொருளுடைய சொல்லையே ஆள்கிறது. தன் கடன் நீக்கப்பட வேண்டுமென வேண்டுபவன் பிறர் கடனையும் நீக்க வேண்டும் என்பது அச்செபத்தின் உட்கிடை.

நேர்த்திக்கடன் தமிழ்க் கத்தோலிக்கரின் மரியன்னை பக்திக்கு உயிரூட்டிவரும் மரபு. அதைத் தாழ்வாகக் கருதுதல் பொருந்தாது. வாக்குத் தவறாமை என்னும் அறம் அதன் அடித்தளம். யூபிலி அவ்வறத்தை மறுப்பதில்லை. செலுத்தித் தீர்க்க முடியாத கடனும் மனித வாழ்வில் உண்டென்பதையும், அதற்கு ஈடு கேட்கப்படுவதில்லை என்பதையும் அது உணர்த்துகிறது. வைட்ஃபீல்டிலிருந்து சிவாஜி நகருக்குச் செல்லும் பயணி கையில் மெழுகுதிரியோடு செல்லலாம். ஆனால் அண்டை வீட்டாரோடு நெடுநாள் பேசாதிருந்த பகையையும், திருப்பித்தர இயலாதவரிடம் கேட்டுவந்த பணத்தையும் விட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் அவரது பயணம் யூபிலித் திருப்பயணம் என்னும் பெயருக்கு முழுதும் உரியதாகும்.