ஓடை வண்டலும் கனிம வரைபடமும்

மழைநீர் அரித்துவரும் பாறைத்துகள் ஓடையடியில் தங்குவதால், அங்கு எடுக்கப்படும் ஒரு பிடி வண்டல், அதற்கு மேலுள்ள நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதற்கும் சான்றாகிறது. அச்சான்றைக் கொண்டு தனிமங்களின் பரவலை நிலப்படத்தில் குறிப்பதே புவிவேதியியல் வரைபடமாக்கம் எனப்படும். 1851-இல் தோன்றிய இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம், நிலப்பரப்பை 2 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் திரட்டிய வண்டலை உலர்த்தி, நுண்சல்லடையில் சலித்துப் பகுப்பாய்வு செய்கிறது. சமவெளிகளில், ஓடை இல்லாத இடத்தில் மண்ணே மாதிரியாகிறது.

சேர்வராயன் மலையடிவாரத்தில், வெள்ளைக்கல் எனப்படும் மேக்னசைட் வெட்டியெடுக்கப்படும் சேலத்தில்தான் இம்முறை உண்மையில் சோதிக்கப்படுகிறது. வெள்ளைக்கல்லைத் தாங்கிநிற்கும் டியூனைட் என்ற கரும்பச்சைத் தீப்பாறையில் குரோமியமும் நிக்கலும் இயல்பாகவே மிகுந்திருப்பதால், எண்ணை மட்டும் பார்த்து மாசு என்று முடிவுகட்டுவது அவசரமே. வண்டலில் அத்தனிமங்கள் உயர்ந்திருப்பது பாறையின் இயல்பாலா, சுரங்கக் கழிவுக் குவியல் கரைந்து வந்ததாலா என்பதை அறிய, ஓடையில் குவியலுக்கு மேற்புறமும் கீழ்ப்புறமும் தனித்தனியே மாதிரி எடுத்து ஒப்பிட வேண்டியிருக்கிறது.